பொத்தானை அழுத்தியவன் பக்கம்

ராமுலு காபியைக் குடித்து முடித்து, டம்ளரைத் தட்டில் வைத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். அவர் பயிற்சி விமானங்கள் செய்யும் கம்பெனியின் ஆள். தெலுங்குக்காரர். தமிழை நிறுத்தி நிதானமாகப் பேசுவார்.

"நாளன்னைக்கு விசாரணையில நாம ரெண்டு பேரும் ஒரே பேச்சு பேசணும், மேடம். விமானம் நல்லா இருந்துச்சு. உங்க பெட்டி நல்லா இருந்துச்சு. பையன் பயந்துட்டான், கைக்குழப்பம். அவ்வளவுதான்."

மேஜையின் தலைப்பக்கம் பூவாத்தாள் உட்கார்ந்திருந்தார். சிங்காநல்லூரில் அங்கப்பன் கன்ட்ரோல்ஸ் என்றால் எல்லா மில்காரர்களுக்கும் தெரியும். நூற்பு மெஷின்களை ஓட்டுகிற மின்னணுப் பெட்டிகளைச் செய்கிற கம்பெனி. ஆரம்பித்த அங்கப்பன் மாரடைப்பில் போனபின் அவர் மனைவி பூவாத்தாள் சேர்மன் ஆனார். அங்கப்பனின் தம்பி தம்பிதுரை எம்.டி. தொண்ணூற்று நாலில் விமானத்துக்குப் பெட்டி செய்துதரும் வேலை கிடைத்தபோது, கம்பெனி வாசலில் வாழைமரம் கட்டிக் கொண்டாடினார்கள்.

அந்தப் பெட்டியின் வேலை பெரிதொன்றும் இல்லை. மேலே போகும் விமானம் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால், இறக்கைக்கு மேலே காற்று பிடி விட்டுப்போய் விமானம் கல்லைப் போல விழும். அப்படி ஆகாமல், மூக்கு தூக்குகிறதென்று தெரிந்ததும் பெட்டி ஒரு மோட்டாரைச் சுழற்றி மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தும். தூக்குகிறதா இல்லையா என்பதை இறக்கைக்குப் பக்கத்தில் காற்றில் ஆடுகிற சின்னத் தகடு ஒன்று சொல்லும். விமானியின் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் பெட்டி விலகிக்கொள்ள வேண்டும்.

போன மாதம், விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த மதன்குமார் என்ற பையன் தனியாக ஓட்டிப்போன விமானம் தாராபுரத்துக்கு அந்தாண்டை, அமராவதிக் கரையோரச் சோளக்காட்டில் மூக்குக் குத்தி விழுந்தது. உயிர் இருந்தது. இடுப்பு எலும்பும் இரண்டு கால்களும் முறிந்துபோயின. அவனுக்கு ஒழுங்காக ஓட்டத் தெரியவில்லை என்று பேப்பரில் போட்டார்கள்.

"மிச்சம் நாலு விமானம் இருக்குதுங்களே?" என்று கேட்டார் பூவாத்தாள்.

"விசாரணை முடிஞ்ச மறுநாள் காலையில பறக்கும், மேடம். பீளமேட்டுல பயிற்சிப் பசங்க எல்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க."

தம்பிதுரை தலையாட்டினார். மேஜையின் கடைசியில் தாஜுன்னிசா குனிந்து உட்கார்ந்திருந்தாள். கோட்டைமேட்டுக் கடைக்காரர் ஒருவரின் மகள். கணிப்பொறி புரோகிராம் எழுதும் பிரிவுக்கு அவள்தான் தலைமை. வாய் ஓயாமல் பேசுகிறவள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அவள் முன்னால் காபி ஆடை கட்டிக் கிடந்ததைப் பூவாத்தாள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ராமுலுவை வழியனுப்பத் தம்பிதுரை வெளியே போனார். பூவாத்தாள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏங் கண்ணு, இன்னைக்கு நாக்கை ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா?"

"பேச வேண்டாம்னு எம்.டி. சொல்லிப்போட்டாருங்கம்மா."

"நான் பேசச் சொல்றேன்."

தாஜுன்னிசா எழுந்தாள். "சொன்னா உங்களுக்குப் பாதிதான் புரியும். வாங்க, காட்டிப்போடறேன்."

சோதனை அறையின் நடுவில் ஒரு பழைய விமான இருக்கையைத் தரையோடு திருகி வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஓட்டும் கம்பு. கம்புக்குக் கீழே மோட்டார், பக்கத்தில் அவர்கள் செய்த பெட்டியும் அதனோடு இணைத்த தகடும், எதிரில் ஒரு கணிப்பொறித் திரை. திரையில் ஒரு கோடு இருந்தது. கோடுதான் விமானத்தின் மூக்கு.

"உக்காருங்கம்மா. கம்பை நேராப் புடிச்சுக்கோங்க. கோடு நடுவுல நிக்கோணும்."

பூவாத்தாள் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கோடு நடுவில் நின்றது. ஒரு குழந்தைகூட ஓட்டிவிடலாம் போலிருந்தது.

"இப்ப நான் தகட்டை விரலால அமுத்திப் புடிச்சுக்கறேன். உழுந்த விமானத்துல தகட்டோட மூட்டுல குளவி மண்ணு வெச்சிருந்துச்சுங்க. தகடு ஆடவே இல்லை. மூக்கு தூக்காமயே தூக்குது தூக்குதுன்னு சொல்லிட்டே இருந்திருக்குது."

மோட்டார் உறுமியது. கம்பு பூவாத்தாளின் கையை இழுத்துக்கொண்டு முன்னால் போனது. கோடு சரிந்தது.

"இழுங்கம்மா! பொத்தானை அழுத்துங்க!"

அழுத்தினார். கம்பு உடனே இளகியது. கோடு மேலே வந்தது. பூவாத்தாள் மூச்சு விட்டார்.

"விட்டிருச்சே! அப்ப நல்லாத்தானே வேலை..."

சொல்லி முடிப்பதற்குள் மோட்டார் மறுபடி உறுமியது. மறுபடி இழுத்தார். மறுபடி அழுத்தினார். விட்டது. உடனே பிடித்தது. அழுத்தினார், விட்டது, பிடித்தது. ஒவ்வொரு தடவையும் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போனது. பூவாத்தாளின் கட்டைவிரல் மரத்துப்போனது. கடைசியில் திரை முழுக்கச் சிவப்பாகி, கோடு அடியில் போய் முட்டி நின்றது.

"தரையிலே மோதியாச்சுங்கம்மா," என்றாள் தாஜுன்னிசா மெதுவாக.

பூவாத்தாள் கம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஏன் கண்ணு, விடுன்னு சொன்னா ஏன் விட மாட்டேங்குது?"

இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

மில்லில் நூலைக் கூம்புக் கட்டையில் சுற்றுகிற கோன் மெஷின் ஒன்று உண்டு. நூல் அறுந்தால் அதுவாகவே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். மூன்று தடவை முயற்சி செய்யும். முடியவில்லையென்றால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நின்றுவிடும். வேலைக்காரப் பெண் வந்து, நூலைச் சரிசெய்து, பொத்தானை அழுத்துவாள். பொத்தானை அழுத்திவிட்டாள் என்றால் கோளாறு தீர்ந்தது என்று அர்த்தம். அதனால் மெஷின் பழைய கணக்கை மறந்துவிட்டு, மறுபடி முதல் தடவையிலிருந்து ஆரம்பிக்கும். சிங்காநல்லூரில் அத்தனை மில்லிலும் அப்படித்தான். யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. மிஞ்சிப் போனால் கொஞ்சம் நூல் வீண்.

அந்தப் புரோகிராமைத்தான் அப்படியே எடுத்து விமானப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூன்று தடவை மூக்கைத் தாழ்த்திப் பார். அப்படியும் தகடு அடங்கவில்லை என்றால் விலகிக்கொள். விமானி பொத்தானை அழுத்தினால், கோளாறு தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பி.

"ஆனா மேல இருக்கறவன் எதையும் சரி பண்ணிட்டு அழுத்தறதில்லீங்கம்மா," என்றாள் தாஜுன்னிசா. "காப்பாத்துன்னு அழுத்தறான். நம்ம பெட்டிக்கு அது, எல்லாம் சரியாப் போச்சு, நீ ஆரம்பின்னு கேக்குது."

"இதை யார் முடிவு பண்ணுனது?"

தாஜுன்னிசா தயங்கினாள். "கூட்டத்துலதானுங்க. விமானத்துக்குப் புதுசா எழுதறேன்னு சொன்னேன். நாளாகும்னாங்க. மில் புரோகிராமையே போடச் சொன்னாங்க, போட்டேன். தகடு சிக்கிட்டா என்னாகும்னு சோதிச்சுப் பார்க்க நாள் கேட்டேன். அதுவும் தர்ல."

"அந்தக் கூட்டத்துல நான் இருந்தனா?"

"இருந்தீங்கம்மா. இத்தனை வருசமா ஓடற புரோகிராமை எதுக்கு அம்மணி மாத்தோணும்னு கேட்டதே நீங்கதானுங்க."

பூவாத்தாளுக்கு அந்தக் கூட்டம் நினைவுக்கு வந்தது. அன்று அவர் மனமெல்லாம் வாழைமரத்திலும், விழாச் சாப்பாட்டிலும்தான் இருந்தது. போகிற போக்கில் கேட்ட கேள்வி அது. அதோடு பேச்சு முடிந்துபோயிருந்தது.

"உன்ற அத்தாகிட்டச் சொல்லிட்டியா இதை?"

"சொன்னேனுங்க. வேலை போனாப் போகுது, நாலு புள்ளைங்க உசுரு போகக் கூடாதுன்னாரு."

"கடைக்காரரு எப்பவும் கணக்கு தப்ப மாட்டாரு," என்று சொல்லிவிட்டுப் பூவாத்தாள் எழுந்தார். கட்டைவிரல் இன்னும் வலித்தது.

மறுநாள் காலையில் ஆர்.எஸ்.புரத்து நர்சிங் ஹோமுக்குப் போனார். மதன்குமாரின் கால்கள் இரண்டும் கட்டுப்போட்டு உயரத்தில் தொங்கின. பக்கத்தில் அவன் அம்மா பழனாத்தாள் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க? பேப்பர்காரங்களா? எழுதுனவரைக்கும் போதுமுங்க."

"இல்லீங்க. அந்த விமானத்துல இருந்த பெட்டியைச் செஞ்ச கம்பெனிக்காரி நானு."

பழனாத்தாளின் கையில் பாதி உரித்த பழம் நின்றுவிட்டது. "வந்துட்டீங்களா? பூச்செண்டு ஒண்ணும் கொண்டாரலியா? போன வாரம் வந்தவரு கொண்டாந்தாரு. பையனுக்குத் தைரியம் பத்தாதுன்னு சொல்லி, பூவையும் வெச்சுட்டுப் போனாரு."

"அம்மா, சும்மா இரு," என்றான் மதன்குமார். அவன் பூவாத்தாளைப் பார்த்தான். "நான் அழுத்துனனுங்க. எத்தனை வாட்டின்னு எனக்கே தெரியாது. அழுத்துனா உட்டுச்சு, உட்டதும் புடிச்சுக்கிச்சு. சொன்னா, பயத்துல உனக்கு அப்படித் தோணியிருக்கும்கறாங்க. கொஞ்ச நாளா எனக்கே சந்தேகமாப் போச்சுங்க."

"தோணல கண்ணு. நேத்து நானும் உக்காந்து பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் பண்ணுச்சு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய இமைகளின் ஓரத்தில் ஈரம் வந்தது. பிறகு கேட்டான். "நான் அழுத்தாமயே இருந்திருந்தா?"

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் எதையாவது சொல்லி மழுப்பியிருப்பார்கள். பூவாத்தாள் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு வாட்டியோட அதுவே விலகியிருக்கும்."

பழனாத்தாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"அப்ப நான் பண்ணுனதுதான் தப்புங்களா?"

"இல்ல. மூக்கு கீழ போறப்ப கையில பொத்தான் இருந்தா எவனும் அழுத்தத்தான் செய்வான். அழுத்துனவன் சொல்றதைக் கேக்காத பெட்டியைச் செஞ்சு குடுத்தது நாங்க."

"இதை இங்க வந்து சொல்லி என்னங்க பிரயோசனம்?" என்றார் பழனாத்தாள். இப்போது அவர் குரலில் குத்தல் இல்லை. "அங்க போய்ச் சொல்லுங்க. நாளைக்கு எவ பெத்த புள்ளையோ ஏறப் போகுது."

"சொல்றேனுங்க," என்றார் பூவாத்தாள்.

கம்பெனிக்குத் திரும்பியபோது தம்பிதுரை பூவாத்தாளின் அறையிலேயே காத்திருந்தார். டிரைவர் மூலம் எல்லாம் தெரிந்திருந்தது.

"அண்ணி, நர்சிங் ஹோமுக்குப் போனீங்களாம்."

"போனேன் தம்பி."

"சரி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காமக் கேளுங்க. பெட்டியில தப்பு இருக்குதுன்னே வெச்சுக்கலாம். எழுதுனது யாரு? தாஜுன்னிசா. ஒரு ஆளோட தப்புன்னு சொல்லுவோம். வேலையை உட்டு அனுப்பிட்டோம்னு சொல்லுவோம். விமானமும் பறக்காம நிக்கும், கம்பெனியும் நெலைச்சு நிக்கும். உங்களுக்கு வேண்டியதும் ஆச்சு, எனக்கு வேண்டியதும் ஆச்சு."

கெட்டவர் இல்லை தம்பிதுரை. தொழிலாளி வீட்டுக் கல்யாணம் ஒன்று விடாமல் முன்னால் போய் நிற்பவர்.

"பொட்டி மேல என்ன பேரு அச்சடிச்சிருக்குது?" என்று கேட்டார் பூவாத்தாள்.

"அதுக்கென்னங்க இப்ப?"

"தாஜுன்னிசான்னா போட்டிருக்குது? ஆர்டர் கெடைச்சப்ப மாலை போட்டுப் போட்டோ எடுத்தமே, அவளை எந்த ஓரத்துல நிறுத்தினோம்? அவ நாள் கேட்டா, நீ தர்ல. மாத்தோணும்னா, நான் எதுக்குன்னு கேட்டேன். இப்ப மட்டும் அவ கை தனிக் கையா?"

"நானூறு பேரு அண்ணி! நானூறு ஊட்டுல அடுப்பெரியோணும். விமானக் கம்பெனிக்காரன் நட்டஈடு கேட்டு வருவான். மில்காரங்க இதைக் கேட்டுட்டு மில் பொட்டியையும் வேண்டாம்பாங்க. நீங்க சேலையை உதறிட்டு எந்திரிச்சுப் போயிடுவீங்க, நான் கேட்ல நின்னு அத்தனை பேருக்கும் என்ன பதில் சொல்லறது?"

அவர் குரல் உடைந்தது. அது பூவாத்தாளுக்கும் கேட்டது.

"நான் எங்கயும் போகலை. கேட்ல உனக்குப் பக்கத்துல நானும் நிக்கறேன். அடுப்புக்கு வழி தேடிக்கலாம் தம்பி, மில் இருக்குது, பம்ப்செட் இருக்குது, ராத்திரி பகலாத் தேடலாம். விமானம் உழுந்துட்டா அங்க தேடறதுக்கு ஒண்ணுமில்லை. எனக்கும் பயமாத்தான் இருக்குது. பயத்தோடயே போய்ச் சொல்லப் போறேன்."

தம்பிதுரை கதவைச் சாத்தாமலே போய்விட்டார்.

விசாரணை பீளமேட்டு விமான நிலையத்தில், ஒரு நீள அறையில் நடந்தது. நடத்தியவர் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தமிழர். நரைத்த மீசை. பேசுகிறவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதவர். ராமுலு முதலில் பேசினார். மதன்குமார் பறந்த அனுபவம் குறைவு என்றார், பயம் என்றார், கைக்குழப்பம் என்றார். கடைசி வரிசையில் தம்பிதுரை வந்து உட்கார்ந்திருந்தார். யாரோடும் பேசவில்லை.

பூவாத்தாள் எழுந்து நின்றார். கோன் மெஷினிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னார். தொழில்நுட்பச் சொல் வந்த இடங்களில் தாஜுன்னிசா எடுத்துக்கொடுத்தாள்.

"இது யார் செய்த தவறு?" என்று கேட்டார் அதிகாரி.

"கம்பெனி செஞ்சதுங்க."

"கம்பெனி என்று எல்லோரும் சொல்கிறார்கள், அம்மா. கம்பெனிக்கு முகம் கிடையாது. யார்?"

"முகம் இருக்குதுங்க. சோதிக்காம அனுப்பலாம்னு முடிவு பண்ணுன கூட்டத்துல உக்காந்திருந்த அத்தனை பேரும். முதல் பேரா என் பேரை எழுதிக்கோங்க. பையன் பேரை எடுத்துப்போடுங்க."

ராமுலு எழுந்தார். "இது உணர்ச்சிப் பேச்சு, சார்! எங்க ஆட்கள் பெட்டியைப் பார்த்துத்தான் வாங்கினாங்க."

"பார்த்தீங்க, சரிதானுங்க," என்றார் பூவாத்தாள். "தகட்டை ஒரு விரல்ல அமுத்திப் பார்த்தீங்களா? நாங்களும் பார்க்கல. எங்க பங்கை நான் சொல்லிட்டேன். உங்க பங்கை நீங்க சொல்லிக்கோங்க."

அதிகாரி நெடுநேரம் எழுதினார். பிறகு பேனாவை மூடினார். "நீங்கள் சொன்னதை நான் நம்புகிறேன். சோதனை அறைக்கும் வருகிறேன். ஆனால் இந்த வகை விமானங்களை நிறுத்திவைக்க டெல்லியிலிருந்து உத்தரவு வரவேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரை பறக்கத் தடையில்லை."

"நாளைக் காலையில பறக்கும்," என்றார் ராமுலு, காகிதங்களை அடுக்கியபடி.

பூவாத்தாள் அதிகாரி பக்கம் திரும்பினார். "ஐயா, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பெட்டி உள்ள இல்லாம விமானம் மேல ஏறலாமுங்களா?"

அதிகாரியின் மீசை லேசாக அசைந்தது. "கூடாது. சட்டப்படி அந்தப் பெட்டி இருந்தே ஆகவேண்டும்."

"நன்றிங்க," என்று சொல்லிவிட்டுப் பூவாத்தாள் நடந்தார்.

கோயமுத்தூர் பம்ப்செட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விற்ற மோட்டாரில் கோளாறு என்று காதில் விழுந்தால், தோட்டத்துக்காரர் கூப்பிடுகிறவரை காத்திருக்க மாட்டார்கள். கம்பெனி வண்டியே தோட்டத்துக்குப் போய் மோட்டாரைக் கழற்றி ஏற்றிக்கொண்டு வந்துவிடும். யார்மேல் தப்பு என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். விமானப் பெட்டிக்கும் பழுதுபார்க்கும் பொறுப்பு அவர்கள் கம்பெனியுடையதுதான். எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று ராமுலுவின் கம்பெனியே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது.

விமான நிலையக் கொட்டகைக்குள் நான்கு விமானங்களும் வெள்ளை வெளேரென்று நின்றன. நாளைக்கு ஓட்டப்போகிற பையன்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். தாஜுன்னிசா இரண்டு மெக்கானிக்குகளோடு முதல் விமானத்தின் மூடியைத் திறந்தாள்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்று கொட்டகைக் காவல்காரர் ஓடிவந்தார்.

"எங்க சாமான்ல பழுதுங்க. சரிபண்ண எடுத்துட்டுப் போறோம்," என்றார் பூவாத்தாள். "ரசீது போட்டுத் தாரேன், இருங்க."

ராமுலு வேகமாக வந்தார். அவருக்குப் பின்னால் அதிகாரியும் வந்து வாசலிலேயே நின்றுகொண்டார். தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. ராமுலு அவரைப் பார்த்தார், பூவாத்தாளைப் பார்த்தார்.

"இதோட உங்க கம்பெனி முடிஞ்சுது, மேடம். இனி ஒரு ஆர்டர் வராது. வழக்கும் வரும்."

"சரிங்க," என்றார் பூவாத்தாள். "வழக்கு வந்தா இதையே அங்கயும் சொல்றேன். கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

முதல் பெட்டி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதையும் வண்டியில் ஏற்றினார்கள். நான்காவது விமானத்தில் திருகு ஒன்று பிடித்துக்கொண்டது. மெக்கானிக் எவ்வளவு முயன்றும் அசையவில்லை. தாஜுன்னிசா முயன்றாள். அவள் கையும் வழுக்கியது.

"தள்ளு அம்மணி," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

தம்பிதுரை. கோட்டைக் கழற்றிக் காவல்காரர் கையில் கொடுத்துவிட்டு, சட்டைக்கையை மடித்துக்கொண்டிருந்தார். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. விமானத்தின் வயிற்றுக்கடியில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணி, இதுக்கப்புறம் என்ன பண்ணப்போறோம்னு எனக்குச் சத்தியமாத் தெரியாதுங்க."

"எனக்குந் தெரியாது தம்பி."

"நாளைக்கு கேட்ல நீங்கதான் பேசோணும்."

"நானே பேசறேன்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திருகை அழுத்தித் திருப்பினார். அது கிரீச்சென்று ஒரு சுற்றுச் சுற்றியது. "கீழ புடிச்சுக்கோங்க, கனமா வரும்."

பூவாத்தாள் இரண்டு கைகளையும் நீட்டினார். நான்காவது பெட்டியும் கழன்று அவர் கைகளுக்குள் இறங்கியது.